ஓர் அங்குல ரைபிளும் ஆடிக் காற்றும்

நூறு மீட்டரில் மூன்று தோட்டாவை ஓர் அங்குலத்துக்குள் போடுகிற ரைபிள், ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் பதினைந்து அங்குலத்துக்குள் போடும். பதினைந்து அங்குலம் என்பது 38 சென்டிமீட்டர். ஆகவே அந்தத் தூரத்தில் அரை மீட்டர் சதுரத்தில் ஓர் இரும்புத் தகட்டை நிறுத்தினால், பழகிய கையில் குறி தப்பவே தப்பாது.

இந்தக் கணக்கை எனக்குச் சொல்லாத ஆள் திருப்பூரில் குறைவு. நிட்டிங் யூனிட் வைத்திருக்கும் நண்பர் சொன்னார். பிள்ளையை ஏர் ரைபிள் பயிற்சிக்கு அனுப்பும் அப்பாக்கள் சொல்கிறார்கள். படித்த மெர்ச்சண்டைசர் பையன்கள் போனில் காணொளியைக் காட்டிச் சொல்கிறார்கள். பெருக்கலில் பிழையில்லை. முடிவு முழுக்கத் தவறு. பெருக்கக் கூடாத ஒன்றைப் பெருக்கியதில் வந்த தவறு அது.

இருபத்திரண்டு வருடமாகப் பனியன் துணியின் தரம் பார்ப்பது என் தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் ரைபிள் கிளப்பில் .22 ரைபிளில் 50 மீட்டர் சுடுகிறேன். இரண்டிலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்: இந்த எண்ணை எப்படி எடுத்தார்கள், எத்தனை தடவை எடுத்தார்கள்?

இந்த நம்பிக்கை வானத்திலிருந்து குதிக்கவில்லை. 2019இல் நம் ராணுவம் வடக்கு எல்லைக்கு பெரெட்டா ஸ்கார்ப்பியோ, பாரெட் எம்95 ரைபிள்களை வாங்கியபோது செய்திகளில் 1,500 மீட்டர், 1,800 மீட்டர் என்ற எண்கள் வந்தன. பெங்களூரின் எஸ்எஸ்எஸ் டிஃபென்ஸ் நிறுவனம் .338 லாபுவா தோட்டாவுக்கு ‘சேபர்’ ரைபிளைச் செய்தபோதும் 1,500 மீட்டர் என்றே படித்தோம். உள்நாட்டில் அப்படி ஒன்றைச் செய்திருப்பது பெருமைக்குரியதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 2023 நவம்பரில் உக்ரைன் வீரர் ஒருவர் 3,800 மீட்டரில் அடித்ததாகச் செய்தி வந்தது. இவற்றையெல்லாம் படிப்பவர் மனதில் ‘பயன்படு தூரம்’ என்ற சொல் ‘தப்பாமல் அடிக்கும் தூரம்’ என்று பதிந்துவிடுகிறது. இரண்டும் வேறு. பயன்படு தூரம் என்பது அந்தத் தோட்டா அதுவரை நிதானமாகப் பறக்கும், போய்ச் சேரும்போது வேலை செய்யும் என்ற அளவு. முதல் தோட்டாவே தகட்டில் படும் என்று அது யாருக்கும் உத்தரவாதம் தரவில்லை.

முதலில் அந்த ‘ஓர் அங்குலம்’ என்பதையே பார்ப்போம்.

அதற்கு என் தொழிலிலிருந்து ஓர் உதாரணம். 180 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம் எடையுள்ள சிங்கிள் ஜெர்சித் துணி ஆர்டர். காம்பாக்டிங்கிலிருந்து ரோல் வந்து இறங்குகிறது. துணியை ரப்பர் பலகைமேல் விரித்து, வட்டக் கட்டரை வைத்து அழுத்தித் திருகினால் நூறு சதுர சென்டிமீட்டர் துண்டு ஒன்று வட்டமாக வரும். தராசில் 1.80 கிராம் காட்டினால் நூறால் பெருக்கி 180. ஆனால் அதே ரோலில் ஓரத்தில் வெட்டினால் 187 வரும், நடுவில் 176 வரும், உள்ளே பத்து மீட்டர் போய் வெட்டினால் 182 வரும். துணி அப்படித்தான். அதனால்தான் ஐந்து இடத்தில் வெட்டுகிறோம், சராசரி எடுக்கிறோம், கூடக் குறைய ஐந்து சதவீதம் என்று பையரிடம் முன்கூட்டியே எழுதி வாங்குகிறோம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒரே இடத்தில் வெட்டி 180 என்று எழுதிப் பாஸ் செய்த ஒரு லாட், தைத்து முடித்த பிறகு திரும்பி வந்தது. ஓரங்களில் 192. அந்த ஒரு வட்டத் துண்டு பொய் சொல்லவில்லை. அது தன்னைப் பற்றி மட்டும்தான் சொன்னது. ரோலைப் பற்றிச் சொன்னதாக எடுத்துக்கொண்டது நான்.

மூன்று தோட்டா குரூப்பும் அந்த ஒற்றை வட்டத் துண்டுதான். ஒரே ரைபிள், ஒரே ஆள், ஒரே தோட்டா. மூன்று சுட்டு, ஒன்றுக்கொன்று மிகத் தள்ளியிருக்கும் இரண்டு துளைகளுக்கு நடுவே அளந்தால் ஓர் அங்குலம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே ரைபிளில் ஐந்து சுட்டால் சராசரியாக ஒன்றேகால் அங்குலம் வரும். பத்து சுட்டால் ஒன்றரைக்கு மேல், 1.6 அருகே வரும். ரைபிள் கெட்டுப்போகவில்லை. சுடச்சுட அதன் உண்மையான சிதறல் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். இதிலும் ஒரு கேடு உண்டு: பத்துத் தடவை மூன்று மூன்றாகச் சுட்டு, அதில் சிறந்த ஒன்றைப் படம் பிடித்துப் போடுகிறார்கள். மற்ற ஒன்பது காகிதங்கள் குப்பைக்கூடையில். ஒரு ரோலில் ஐந்து இடம் வெட்டி, நன்றாக வந்த ஒன்றை மட்டும் ரிப்போர்ட்டில் எழுதும் செக்கரை நாம் ஒரு நாளும் வேலையில் வைத்துக்கொள்ள மாட்டோம்.

நம் ஊரில் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர் கையிலிருக்கும் ஏக்யூஎல் (ஏற்கத்தக்க தர அளவு) அட்டவணையையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். 2,000 பீஸ் லாட்டில் 125 பீஸ் எடுப்பார். 2.5 அளவுக்கு ஏழு பீஸ் வரை குறை இருந்தால் பாஸ், எட்டானால் ஃபெயில். அந்த அட்டவணை துணிக்காகப் பிறந்ததல்ல. பெல் ஆய்வகத்தில் ஹெரால்ட் டாட்ஜும் ஹாரி ரோமிக்கும் வளர்த்த மாதிரிச் சோதனை முறையை, இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ராணுவம் வெடிபொருள் சரக்கை ஏற்பதா திருப்புவதா என்று முடிவு செய்ய எடுத்துக்கொண்டது. போருக்குப் பின் 1950இல் அது மில்-எஸ்டிடி-105ஏ என்ற ராணுவத் தர அட்டவணையாக வந்தது. பிறகு ஐஎஸ்ஓ 2859, நம் நாட்டில் ஐஎஸ் 2500. ஒரு தோட்டாவைச் சோதித்து ஒரு லட்சம் தோட்டாவைப் பற்றிப் பேச முடியாது என்று ராணுவத்துக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவில்தான் திருப்பூர் இன்று சம்பாதிக்கிறது. அதே திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு மூன்று துளையைப் பார்த்து ஒன்றரைக் கிலோமீட்டருக்குத் தீர்ப்பு எழுதுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சரி, ஒரு வாதத்துக்கு விட்டுக்கொடுக்கிறேன். பத்துத் தோட்டாவையும் ஓர் அங்குலத்துக்குள் போடும் அருமையான ரைபிள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்தப் பெருக்கல் நிற்காது. சிதறல் தூரத்தோடு நேர்விகிதத்தில் வளரும், காற்று அப்படி வளராது.

தோட்டா காற்றுத்தடை இல்லாமல் பறந்தால் இலக்கை அடைய எவ்வளவு நேரம் ஆகும், நிஜத்தில் எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள். அந்த வித்தியாசத்தைப் பக்கக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் தோட்டா எவ்வளவு ஒதுங்கும் என்பது கிடைத்துவிடும். பழைய சூத்திரம், இன்றும் சரியாக வருகிறது. 300 கிரெயின் எடையுள்ள .338 லாபுவா தோட்டா நொடிக்கு 830 மீட்டர் வேகத்தில் குழலை விட்டுக் கிளம்புகிறது. 600 மீட்டருக்கு அந்த வித்தியாசம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு. ஆகவே நொடிக்கு ஒரு மீட்டர் பக்கக் காற்றுக்குப் பத்து சென்டிமீட்டர் ஒதுங்கும். 1,500 மீட்டருக்குத் தடையில்லாமல் 1.8 நொடி, நிஜத்தில் இரண்டரை நொடி. அதே காற்றுக்கு ஒதுக்கம் 70 சென்டிமீட்டர். தூரம் இரண்டரை மடங்குதான் கூடியது, ஒதுக்கம் ஏழு மடங்கு கூடிவிட்டது. நொடிக்கு ஒரு மீட்டர் என்பது மணிக்கு 3.6 கிலோமீட்டர், நாம் சாவகாசமாக நடக்கும் வேகம். முகத்தில் பட்டால் சரியாக உணரக்கூட முடியாத காற்று, அரை மீட்டர் தகட்டை முழுசாகத் தாண்டித் தோட்டாவைக் கொண்டுபோகிறது.

செங்குத்தாகவும் இப்படித்தான். 1,500 மீட்டர் போவதற்குள் அந்தத் தோட்டா ஏறத்தாழ 25 மீட்டர் தாழ்கிறது. எட்டு மாடி உயரம். ஸ்கோப்பைத் திருகி அதைச் சரிக்கட்டிவிடலாம். ஆனால் தோட்டாவுக்குத் தோட்டா குழலை விட்டுக் கிளம்பும் வேகம் ஒரே மாதிரி இருப்பதில்லை. வேகத்தில் ஒரு சதவீதம் குறைந்தால் அரை மீட்டர் கீழே போகும். தூரத்தைப் பத்து மீட்டர் தவறாகக் கணித்தால் கால் மீட்டருக்கு மேல் பிசகும்.

இனி நான் போட்ட கணக்கைச் சொல்கிறேன். காற்றைப் பத்துக்கு ஏழு தடவை நொடிக்கு ஒரு மீட்டருக்குள் சரியாகச் சொல்லிவிடும் தேர்ந்த ஆள். கிளம்பும் வேகம் நொடிக்கு மூன்று மீட்டர் அளவில் கூடிக்குறையும் நல்ல தோட்டா. தூரம் அச்சுப் பிசகாமல் தெரியும். கையில் அந்த ஓர் அங்குல ரைபிள். 1,500 மீட்டரில் அரை மீட்டர் சதுரத் தகட்டில் முதல் தோட்டா படும் வாய்ப்பு நூற்றுக்கு 21.

இப்போது ரைபிளை மாற்றுங்கள். உலகத்தில் இல்லாத ரைபிள், சிதறலே கிடையாது, எல்லாத் தோட்டாவும் ஒரே துளை வழியாகப் போகும். வாய்ப்பு 23 ஆகிறது. இரண்டு அங்குலம் சிதறும் சுமாரான ரைபிளைக் கொடுங்கள், 17 ஆகிறது. அதே ஓர் அங்குல ரைபிளை வைத்துக்கொண்டு, காற்றைக் கணிப்பதில் வரும் பிழையை மட்டும் பாதியாகக் குறைத்தால் 39 ஆகிறது.

இந்த நான்கு எண்களையும் நிட்டிங் யூனிட் நண்பருக்குக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். “ஏனுங்ணா, அப்போ இத்தனை லட்சம் போட்டு வாங்கற ரைபிளு ரெண்டே ரெண்டு பாயின்ட்டுக்குத்தானுங்களா?” என்று கேட்டார். அந்தத் தூரத்தில், அந்தக் காற்றில், ஆமாம். 300 மீட்டரிலோ 400 மீட்டரிலோ நல்ல ரைபிளுக்கு நல்ல மதிப்பு உண்டு. அதை நான் மறுக்கவில்லை. பழகிய கை 600 மீட்டரில் அரை மீட்டர் தகட்டை முதல் தோட்டாவிலேயே அடிப்பது அன்றாடம் நடக்கிற காரியம். அதற்கு மேல் தூரம் ஏற ஏற, எஜமான் மாறிவிடுகிறான்.

உடனே வரும் பதில் எனக்குத் தெரியும். இப்போது கையடக்கக் காற்றுமானி வந்துவிட்டது, தோட்டாவின் பாதையைக் கணக்கிடும் கருவி வந்துவிட்டது, எண்ணைப் போட்டால் விடையைக் கொடுத்துவிடுகிறது என்பார்கள். கருவி கணக்கைச் சரியாகப் போடும். அதற்குக் கொடுக்கும் காற்று, சுடுகிறவன் நிற்கும் இடத்துக் காற்று மட்டும்தான். மீதி ஆயிரத்துச் சொச்சம் மீட்டருக்கு அதனிடம் காற்று இல்லை.

இதைப் புரிய வைக்கத் திருப்பூரைவிட நல்ல ஊர் கிடையாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று வைகாசி பிறந்ததும் நம் பக்கம் இறங்கிவிடும். பல்லடம், கேத்தனூர், குடிமங்கலம், பூளவாடி, உடுமலை, தாராபுரம் என்று எங்கே பார்த்தாலும் காற்றாலைகள். அந்தக் காற்றை நம்பித்தான் எத்தனையோ மில்காரர்கள் காற்றாலை போட்டார்கள். ஆடி மாதத்தில் ஒரு நாள் கிளப் பையன் ஒருவனைக் கேத்தனூர்ப் பக்கம் ஒரு சோளக்காட்டு வரப்புக்குக் கூட்டிப் போனேன். பதினேழு வயது, பெரிதாகத் தூரம் சுட வேண்டும் என்று கனவு காண்கிறவன். எதிரே ஆறு காற்றாலைகள் கண்ணுக்குத் தெரிந்தன. பக்கத்திலிருந்ததன் இறக்கைகள் வேகமாகச் சுற்றின. அதற்கடுத்தது சோம்பலாகச் சுற்றியது. மூன்றாவது நின்றிருந்தது. பழுதோ என்று நினைத்தோம், ஐந்து நிமிடத்தில் அதுவும் சுற்ற ஆரம்பித்தது. தூரத்திலிருந்த ஒன்று மற்றவற்றைவிடச் சற்றே வேறு திசைக்கு முகம் திருப்பியிருந்தது. நம் காலடியில் புல் வடகிழக்கே சாய்ந்தது, நானூறு மீட்டர் தள்ளி வேலிக் கருவேலம் அசையவே இல்லை.

அவனிடம் காற்றுமானியைக் கொடுக்காமல், கண்ணால் பார்த்து வேகத்தைச் சொல்லச் சொன்னேன். அவன் சொன்ன பிறகு நான் அளந்தேன். இருபது தடவை. நொடிக்கு ஒரு மீட்டருக்குள் அவன் சொன்னது ஒன்பது தடவை. அதுவும் நாங்கள் நிற்கும் இடத்துக் காற்றை. ஆறாவது காற்றாலை அடியில் என்ன காற்று என்று கேட்டபோது அவன் பதில் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது. ஒன்றரைக் கிலோமீட்டர் போகிற தோட்டா அந்த ஆறு காற்றையும் கடந்துதான் போக வேண்டும், அதிலும் நம் தலைக்கு மேலே பல மீட்டர் உயரத்தில்.

‘அப்படியென்றால் அந்தச் சாதனைகளெல்லாம் பொய்யா?’ என்பது கடைசி வாதம். பொய்யென்று நான் சொல்லவில்லை. அவை எப்படி நடந்தன என்பதை முழுசாகச் சொல்லுங்கள் என்கிறேன். 2009 நவம்பரில் ஆப்கானிஸ்தானில் பிரிட்டிஷ் வீரர் கிரெய்க் ஹாரிசன் 2,475 மீட்டரில் அடித்தார். காற்றில்லாத, தெளிவான நாள். அப்படியும் அளவு பிடிபட ஒன்பது தோட்டா வரை ஆனதாகப் பதிவாகியிருக்கிறது. 2022 செப்டம்பரில் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஒரு குழு 4.4 மைல், அதாவது ஏழு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி வைத்த இலக்கை அடித்தது. தோட்டா காற்றில் இருந்த நேரம் சுமார் 24 நொடி. பட்டது 69ஆவது தோட்டா. அந்தக் குழு இதை மறைக்கவில்லை, வெளிப்படையாகவே சொன்னது. தோட்டாக்களின் எண்ணிக்கையை உதிர்த்துவிட்டு மைலை மட்டும் பரப்பியது நாம்தான். 1874இல் அடோபி வால்ஸ் சண்டையில் ஒன்றேகால் கிலோமீட்டருக்கும் மேல் சுட்டுப் பேர் வாங்கிய பில்லி டிக்சனே அது குருட்டாம்போக்கில் பட்டது என்று ஒப்புக்கொண்டவர். சாதனை என்பது நடந்தவற்றில் மிகச் சிறந்தது. திறன் என்பது நாளைக் காலை எழுந்து போய்ச் சுட்டால் எத்தனை படும் என்பது. முன்னதை வைத்துப் பின்னதைச் சொல்கிறவர்கள், ஒரு வருட ஏற்றுமதியில் ஒரே ஒரு குறையில்லாத லாட்டைக் காட்டிக் கம்பெனியின் தரம் இதுதான் என்பவர்கள்.

யாரும் சுடப்போகாத தூரத்தைப் பற்றி இத்தனை ஆத்திரம் எதற்கு என்று கேட்கலாம். பிள்ளைகளுக்காக. இந்த நம்பிக்கை ஒன்றரைக் கிலோமீட்டரோடு நிற்பதில்லை, பத்து மீட்டருக்கும் வந்துவிட்டது. கருவி துல்லியமானால் குறி தப்பாது என்று நம்புகிற அப்பா, தப்பினால் குற்றம் பிள்ளையுடையது என்று நினைக்கிறார். கிளப் வாசலில் பத்து வயதுப் பெண் பிள்ளையை ஒருவர் வைததைக் கேட்டேன். இத்தனை செலவு செய்து ஜெர்மன் ரைபிள் வாங்கிக் கொடுத்தும் ஏன் பத்துப் புள்ளி விழவில்லை என்று. அந்தக் குழந்தை தன் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றது.

அவரிடம் இளவேனில் வாலறிவனைப் பற்றிச் சொன்னேன். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த பெண், உலகத் தரமான வீராங்கனை. 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைபிள் தகுதிச் சுற்றில் அறுபது ஷாட்டில் அவர் எடுத்தது 630.7. பத்தாவது இடம். முதல் எட்டுப் பேருக்குத்தான் இறுதிச் சுற்று. ஒவ்வொரு ஷாட்டுக்கும் உச்சபட்சம் 10.9, அறுபதுக்கு 654. அவருடைய சராசரி 10.5. அந்தப் புள்ளிக் கணக்கில் 0.1 என்பது கால் மில்லிமீட்டர். அதாவது காற்றே இல்லாத அரங்கில், உலகின் மிகச் சிறந்த ரைபிளோடு, வாழ்நாள் பயிற்சியோடு, நடு மையத்திலிருந்து சராசரியாக ஒரு மில்லிமீட்டரும் கொஞ்சமும் விலகல். இதுதான் மனித உடம்பு தரக்கூடிய துல்லியம், வியந்து பார்க்க வேண்டிய துல்லியம். அந்தக் கோணத்தை அப்படியே 1,500 மீட்டருக்கு நீட்டினால் 16 சென்டிமீட்டர் விலகும். காற்றை இன்னும் சேர்க்கவில்லை.

50 மீட்டர் .22இல் என் சொந்த அனுபவமும் அதுதான். பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். நொடிக்கு ஒரு மீட்டர் பக்கக் காற்று தோட்டாவை ஏழெட்டு மில்லிமீட்டர் தள்ளும். பத்தின் விளிம்புக்கே போய்விடும். 50 மீட்டருக்கே இது.

எல்லையில் நிற்கும் வீரனுக்கும் இந்த நம்பிக்கை அநியாயம் செய்கிறது. பனிமலையில், கீழிருந்து மேலே அடிக்கும் காற்றில், தெரியாத தூரத்துக்கு அவன் சுடுகிறான். முதல் தோட்டா தப்பினால் அது அவன் தவறு என்று நம் சினிமாவும் செய்தியும் நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கின்றன. நூற்றுக்கு இருபது வாய்ப்புள்ள ஒன்றை இரண்டாவது தோட்டாவில், மூன்றாவது தோட்டாவில் திருத்தி அடிப்பதுதான் அவன் கற்ற வித்தை. அந்த வித்தைக்கு நாம் மரியாதை கொடுப்பதில்லை.

ஆகவே இனி யாராவது இத்தனை மீட்டர் அடிக்கும் என்று ஒரு ரைபிளைப் பற்றிச் சொன்னால், எழுதினால், விற்க வந்தால், பையரின் ஸ்பெக் ஷீட்டைப் படிக்கிற கண்ணோடு படியுங்கள். இலக்கு எத்தனை சென்டிமீட்டர்? காற்று எவ்வளவு, எங்கே அளந்தது? முதல் தோட்டாவா, ஒன்பதாவதா? எத்தனை சுட்டு எத்தனை பட்டது? பட்டதையும் படாததையும் சேர்த்தா எழுதியிருக்கிறார்கள்? கேத்தனூர் வரப்பில் நின்ற அந்தப் பையன் இப்போது தன் நோட்டில் ஒவ்வொரு ஷாட்டையும் எழுதுகிறான். எட்டு விழுந்ததையும் எழுதுகிறான். சென்ற வாரம் அந்தப் பத்து வயதுப் பெண்ணின் அப்பா அந்த நோட்டைக் கேட்டு வாங்கி, முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தார்.